விரலில் குத்திய பிறகுதான் வேலை இருக்கிறது: முதியோருக்குச் சர்க்கரைப் பரிசோதனை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

முதியோருக்காகச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தும் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும், மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், முதியோர் இல்லப் பொறுப்பாளர்களுக்கும்

வணக்கம்.

முகாம் முடிந்ததும் நீங்கள் வெளியிடும் அறிக்கையில் கொட்டை எழுத்தில் இருப்பது ஒரே ஓர் எண்: எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தோம் என்பது. எத்தனை பேருக்குச் சர்க்கரை கூடுதலாக இருந்தது என்பது சில அறிக்கைகளில் அடுத்த வரியில் வரும். அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது பரிசோதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு நோய் உறுதியானது, எத்தனை பேர் சிகிச்சையில் சேர்ந்தார்கள் என்ற விவரம் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை. ஆய்வகத்திலும் செவிலியர் மேசையிலும் சர்க்கரை நோய்ப் பிரிவிலும் வேலை பார்க்கும் நாங்கள், விடுபட்ட அந்த எண்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

தேவை இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 20 முதல் 79 வயதுக்குள் சுமார் 58.9 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களில் பத்தில் நால்வருக்கும் மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

முதியவர்களிடம் இது தெரியாமல் போவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் விடத் தொடங்கும். வயது ஏற ஏற இந்த வரம்பும் மேலே போகும். அதனால் ரத்தத்தில் 200 இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை தெரியாமலிருக்கலாம், அடிக்கடி சிறுநீர் கழிக்கவும் தோன்றாமலிருக்கலாம். தாக உணர்வும் முதுமையில் மங்கிவிடும். தாகம், சிறுநீர், பசி என்று பாடப்புத்தகம் சொல்லும் மூன்றை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பினால் பலர் நழுவிப் போவார்கள். கேட்க வேண்டியவை வேறு. உடுப்பு தளரும் அளவுக்கு எடை குறைந்ததா, சமீபத்தில் கீழே விழுந்தாரா, சிறுநீரை அடக்க முடியாமல் போகிறதா, பிறப்புறுப்பில் அரிப்பு உண்டா, காலில் புண் ஆறாமல் நிற்கிறதா, பார்வை சில வாரங்களாக மங்கலும் தெளிவுமாக மாறுகிறதா, குழப்பம் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டார் இவை எல்லாவற்றுக்கும் 'வயசாயிடுச்சு' என்று ஒரே பதில் வைத்திருப்பார்கள். இன்னமும் சிறுநீர்ப் பட்டையை நனைத்துப் பார்த்து முடிவு சொல்லும் இடங்கள், மேலே சொன்ன காரணத்துக்காகவே அந்த வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

அடுத்து, எந்தப் பரிசோதனை என்ற கேள்வி. முகாம்களில் வழக்கமாக நடப்பது ராண்டம் பரிசோதனை: வந்த நேரத்தில் விரலில் குத்தி, வந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று எழுதாத ராண்டம் எண்ணுக்குப் பொருளே இல்லை. 170 என்பது சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வந்தால் ஒன்று, ஐந்து மணி நேரம் கழித்து வந்தால் வேறொன்று. "ஐயா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள்?" என்று கேட்டு நேரத்தோடு எழுத ஒருவரை உட்கார வைத்தால் போதும், அதே பரிசோதனைக்குப் பாதி மதிப்பு கூடிவிடும்.

நோயை உறுதி செய்யும் வரம்புகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல் வந்து நரம்பில் எடுத்த ரத்தத்தில் 126 அல்லது மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது மேல், எச்பிஏ1சி (சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு) 6.5 சதவீதம் அல்லது மேல். சர்க்கரைக்கான அறிகுறிகள் தெளிவாக இருக்கும்போது ராண்டம் 200 அல்லது மேல். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று சொல்லக் கூடாது, இரண்டு முடிவுகள் வேண்டும். அவை ஒரே நாளில் எடுத்த இரண்டு வகைப் பரிசோதனைகளாக இருக்கலாம், வேறொரு நாளில் திரும்பச் செய்ததாகவும் இருக்கலாம். இரண்டு வகையில் ஒன்று கூடுதலாகவும் மற்றது வரம்புக்குள்ளும் வந்தால், கூடுதலாக வந்த பரிசோதனையைத்தான் திரும்பச் செய்ய வேண்டும். நடைமுறையில் பலர் சாதாரணமாக வந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

வெறும் வயிற்றுப் பரிசோதனையை மட்டும் நம்புவது முதியவர்கள் விஷயத்தில் ஏமாற்றும். வயதானால் முதலில் கெடுவது பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பின் வரும் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன். காலையில் 108 என்று அமைதியாக இருக்கும் ஒருவருக்கு, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 220 வருவது முதுமையில் அரிதல்ல. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை வந்தவரை 'பார்டர்தான், கவலை வேண்டாம்' என்று அனுப்பாதீர்கள். அவருக்குத்தான் எச்பிஏ1சியோ குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையோ அவசியம்.

குளுக்கோஸ் பரிசோதனையைச் செய்வதானால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். நீரற்ற குளுக்கோஸ் என்றால் 75 கிராம். ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த மோனோஹைட்ரேட் என்றால் 82.5 கிராம். டப்பாவின் மேல் எது என்று பார்த்து எடையிடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்தை எண்ண வேண்டும். இடையில் நடை கூடாது, புகை கூடாது. வாந்தி எடுத்தால் அன்றைய பரிசோதனை செல்லாது. அதற்கு முந்தைய மூன்று நாட்களும் தினம் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். பசியில்லாமல் கொஞ்சமாகக் கொறிக்கும் முதியவருக்கு இது முக்கியம்: குறைவாகச் சாப்பிட்டுப் பழகிய உடம்பு திடீரென்று வரும் 75 கிராமைச் சமாளிக்க முடியாமல், நோய் இல்லாதவருக்கும் எண்ணை ஏற்றிக் காட்டும். இத்தனை ஏற்பாடும் முகாம் கூடத்தில் நடக்காது. கிளினிக்குக்கு வரச் சொல்லிச் செய்யுங்கள்.

முகாமுக்கு உகந்தது எச்பிஏ1சி. பட்டினி தேவையில்லை, முந்தைய எட்டு முதல் பன்னிரண்டு வாரச் சராசரியைக் காட்டும், ஊதா மூடிக் குழாயில் எடுத்துக் குளிரில் வைத்தால் அவசரமில்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆனால் அது சிவப்பணுவின் ஆயுளை நம்பியிருக்கும் எண். சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கு எங்கே குலைகிறதோ அங்கே இந்த எண்ணும் குலையும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் சர்க்கரை ஏறாமலே எண் ஏறும். ரத்தப்போக்கு, சமீபத்தில் ஏற்றிய ரத்தம், சிவப்பணு சிதைவு, சிறுநீரக நோயாளிகளுக்குப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசி ஆகியவற்றில் எண் பொய்யாக இறங்கும். ஹீமோகுளோபின் மாறுபாடு பிறவியிலேயே இருப்பவர்களிடம் சில கருவிகள் தவறாகப் படிக்கும். ரத்தசோகை முதியவர்களிடம் மிகச் சாதாரணம் என்பதால், எச்பிஏ1சி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதே குழாயிலிருந்து ஹீமோகுளோபினையும் பாருங்கள். அது குறைவாக இருந்தால் எச்பிஏ1சியை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரையை நேரடியாக அளந்து முடிவு செய்யுங்கள்.

விரல் ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதன் எண்ணை வைத்துத்தான் முகாமே நடக்கிறது. ஐஎஸ்ஓ 15197 என்ற தரவிதியின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அப்படியானால் உண்மையில் 126 இருப்பவருக்கு மீட்டர் 107இலிருந்து 145 வரை எதைக் காட்டினாலும் அது தரமான மீட்டர்தான். நோயைச் சல்லடை போட அது போதும், நோய் என்று எழுத அது போதாது. ரத்தசோகை உள்ளவரிடம் மீட்டர் கூட்டிக் காட்டும், ரத்தம் கெட்டியானவரிடம் குறைத்துக் காட்டும். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நரம்பு ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதல் என்பதையும் மறக்க வேண்டாம். எங்கள் கருத்து: வெறும் வயிற்றில் மீட்டர் 100க்கு மேலோ, சாப்பிட்டவருக்கு 140க்கு மேலோ காட்டினால் ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கொஞ்சம் தாராளமான வரம்புதான். தவறவிடுவதைவிட இரண்டாவது முறை வரச் சொல்வது மேல்.

விரலில் குத்துவதில் நடக்கும் தவறுகள் சின்னவை, விளைவு பெரிது. பழம் நறுக்கிய கையோடு வந்தவரின் விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே எண்ணை நூறு, இருநூறு என்று தூக்கிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது அதை முழுதாக எடுக்காது. சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவி, நன்றாக உலரத் துடைக்க வேண்டும். கழுவ வழியே இல்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள். ஸ்பிரிட் காயாமல் குத்தினால் ரத்தம் நீர்த்து எண் மாறும். முதியவர்களின் விரல் குளிர்ந்து கிடக்கும், ரத்தம் லேசில் வராது. உடனே விரலைப் பிசைந்து பிழியத் தோன்றும். பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கித் தடவிக் கொடுத்து, வெதுவெதுப்பானதும் நடுவிரல் அல்லது மோதிர விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரா என்று முன்பே கேட்டு, பஞ்சை இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மீட்டரில் செருகும் ரத்தப் பட்டையான ஸ்ட்ரிப்பின் டப்பாவைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுப்பது எங்கும் காணும் காட்சி. காற்றின் ஈரம் பட்டால் ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி கெடும், வெயிலில் நின்ற வண்டியின் சூடு பட்டாலும் கெடும். எடுத்ததும் மூடுங்கள், திறந்த தேதியை மேலே எழுதுங்கள், முகாம் தொடங்கும் முன் ஒவ்வொரு மீட்டரிலும் கன்ட்ரோல் திரவத்தை (சர்க்கரை அளவு முன்பே தெரிந்த திரவம்) சோதித்து எண்ணைக் குறித்து வையுங்கள். அளவு மில்லிகிராமில் இருக்கிறதா மில்லிமோலில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மில்லிமோல் எண்ணை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் எண் வரும். 7 என்பதைப் பார்த்துப் பதறுவதும் நடக்கிறது.

இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்: பேனா போன்ற குத்தும் கருவியை ஒருவருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ஊசியை மாற்றினாலும் கூடாது, ஏனென்றால் கருவியின் முனையில் ரத்தம் தங்கும். முதியோர் இல்லங்களில் இப்படிப் பகிர்ந்துகொண்ட கருவிகளால் ஹெபடைடிஸ் பி பரவிய நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. ஒருமுறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் லான்செட்டையே வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் கையுறையை மாற்றுங்கள், இருவருக்கு இடையில் மீட்டரைக் கிருமிநாசினியால் துடையுங்கள், ஊசிகளைத் துளைபடாத டப்பாவில் போடுங்கள்.

நரம்பில் ரத்தம் எடுத்து அனுப்பும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன; சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும். காலை ஏழு மணிக்கு 130 இருந்த ரத்தம், எல்லாருக்கும் எடுத்து முடித்துப் பத்து மணிக்கு ஆய்வகம் சேரும்போது 110க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நோயாளி ஒருவர் நோயில்லாதவர் ஆகிவிட்டார். சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு இருக்கிறதே என்பார்கள். ஃபுளோரைடு தடுப்பது சர்க்கரைச் சிதைவின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு நொதியை. அதற்கு முந்தைய படிகள் ஓடிக்கொண்டிருப்பதால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இறக்கம் நிற்காது. சிட்ரேட் சேர்ந்த குழாய் உடனே நிறுத்தும், கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எடுத்த குழாயை உடனே பனிக்கட்டி கலந்த தண்ணீரில் நிறுத்தி, அரை மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுங்கள். முகாமிலேயே அப்படிச் சுழற்றும் ஒரு சென்ட்ரிஃப்யூஜ் இருந்தால் தலைவலி விட்டது. குழாயில் எடுத்த நேரத்தையும் ஆய்வகத்தில் சேர்ந்த நேரத்தையும் எழுதினாலே பாதிக் கோளாறு கண்ணில் பட்டுவிடும்.

யாரைப் பரிசோதிப்பது? வரிசையில் முதலில் நிற்பவர்கள் ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள், இலவசமாக ஒரு எண் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். அவர்களை விரட்ட வேண்டாம், தனி வரிசையில் வையுங்கள், புதிதாகக் கண்டுபிடித்த கணக்கில் சேர்க்காதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உங்கள் அறிவிப்பை நம்பிப் பட்டினியோடு வந்து பதினோரு மணி வரை வரிசையில் நின்றால் தாழ்சர்க்கரையில் மயங்குவார். 'வெறும் வயிற்றில் வரவும்' என்ற அறிவிப்பு, சர்க்கரைக்கு மருந்து எடுக்காதவர்களுக்கு மட்டும்தான் என்று அதே எழுத்தளவில் போடுங்கள். பட்டினிப் பரிசோதனையை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள்.

ஆபத்து அதிகமாக இருப்பவரோ முகாமுக்கு வருவதே இல்லை. நடக்க முடியாதவர், பார்வை போனவர், துணைக்கு ஆள் இல்லாதவர் எல்லாம் வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் செவிலியரிடம் ஒரு மீட்டரும் ஊதா மூடிக் குழாய்களும் கொடுத்தால் அந்தக் குறை தீரும். ஸ்டீராய்டு, தயசைடு வகை நீர்மாத்திரை, சில மனநல மருந்துகள் எடுப்பவர்களுக்கும் முன்னுரிமை கொடுங்கள், இவை சர்க்கரையை ஏற்றுபவை. காய்ச்சலோ நோய்த்தொற்றோ இருக்கும்போது வரும் கூடுதல் எண், உடல் படும் அழுத்தத்தாலும் வரலாம். எச்பிஏ1சி பார்த்தால் புதிதா பழையதா என்று ஓரளவு தெரியும், உடம்பு தேறியபின் திரும்பப் பார்க்க வேண்டும். ஆபத்துப் புள்ளிக் கேள்வித்தாள்கள் இளையவர்களைப் பிரித்தெடுக்க நல்லவை. 65ஐத் தாண்டியவர்களிடம் வயதே புள்ளிகளை ஏற்றிவிடுவதால் பிரிக்கும் வேலையை அவ்வளவாகச் செய்வதில்லை, தாள் நிரப்பும் நேரத்தை வேறு எதற்காவது செலவிடலாம்.

படுத்த படுக்கையாய், வாழ்நாளின் கடைசி மாதங்களில் இருப்பவரைச் சல்லடைப் பரிசோதனைக்கு இழுக்க வேண்டாம். அவருக்கு அறிகுறி வந்தால் பார்ப்பது வேறு விஷயம்.

சில முடிவுகள் அன்றே, அந்த இடத்திலேயே நடவடிக்கை கேட்பவை. மீட்டரில் எண்ணுக்குப் பதில் 'ஹை' என்று வந்தால் அது கருவிக் கோளாறு அல்ல. பல மீட்டர்களில் 600ஐத் தாண்டியது என்று பொருள். தன்னார்வலர் அதைப் பழுது என்று நினைத்து வேறு மீட்டரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முதியவருக்கு வரும் இந்த நிலையில் உடம்பு நீரை இழந்து, தூக்கமும் குழப்பமுமாகச் சரிந்துகொண்டே போவார். கொஞ்சம் இன்சுலின் மீதம் இருப்பதால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் பெரிதாக வராது, ஆகவே கீட்டோன் இல்லை என்பதில் ஆறுதல் இல்லை. உடனே மருத்துவமனை. 300க்கு மேல் இருந்து எடை இழப்போ வாந்தியோ மயக்கமோ உள்ளவரையும் அன்றே அனுப்புங்கள். வயதான காலத்தில் புதிதாகச் சர்க்கரை, கூடவே வேகமான எடை இழப்பு, பசியின்மை, வயிற்றிலோ முதுகிலோ வலி என்றால் கணையத்தையும் பார்க்கச் சொல்லிச் சீட்டிலேயே எழுதுங்கள்.

இப்போது அந்தச் சீட்டு. '186, டாக்டரைப் பார்க்கவும்' என்ற துண்டுக் காகிதம் சட்டைப்பையிலேயே துவைபட்டுப் போகும். எங்கே, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, சாப்பிடாமலா சாப்பிட்டா, யாரைப் பார்க்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிய சீட்டு வேண்டும். நகல் ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். முகாம் நடக்கும்போதே ஆய்வகத்தில் அடுத்த இரண்டு வாரங்களுக்கு நேரம் ஒதுக்கி வாங்கி வையுங்கள். முதியவரின் எண்ணோடு, அவரைக் கூட்டி வரக்கூடிய ஒருவரின் எண்ணையும் வாங்குங்கள். குறித்த நாளில் வரவில்லை என்றால் மறுநாள் அழைத்துக் கேட்க ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். இதற்கு ஆள் இல்லையென்றால் ஐநூறு பேருக்குப் பதிலாக நூறு பேரை அழையுங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் நடந்த அடிஷன் ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஆபத்து அதிகமுள்ள 40 முதல் 69 வயதினரைச் சல்லடைப் பரிசோதனைக்கு அழைத்தும், ஏறத்தாழ பத்தாண்டில் இறப்பு எண்ணிக்கை குறையவில்லை என்றது அது. ஒழுங்காக நடந்த திட்டத்திலேயே பலன் இவ்வளவு கடினமாகக் கிடைக்கும்போது, பின்தொடர ஆளில்லாத முகாமிலிருந்து எதை எதிர்பார்ப்பது?

நோய் உறுதியானவருக்கு அதே மாதத்தில் விழித்திரைப் பரிசோதனை, 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை வைத்துப் பாத உணர்வுப் பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், ரத்த அழுத்தம் எல்லாம் நடக்க வேண்டும். தெரியாமல் இருந்த ஆண்டுகளில் கண்ணும் காலும் சிறுநீரகமும் சும்மா இருந்திருக்காது.

மருந்து எழுதும் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாகக் கண்டுபிடித்த வேகத்தில் முதியவரின் எண்ணை இளைஞரின் எண்ணுக்கு இறக்கப் பார்க்காதீர்கள். திடமாக நடமாடுபவருக்கு எச்பிஏ1சி 7 முதல் 7.5க்குள் இருந்தால் நல்லது. பல நோய்களும் மறதியும் உள்ளவருக்கு 8 வரை விடலாம். கிளிபென்கிளமைடு போல நீண்ட நேரம் நிற்கும் மாத்திரைகள் முதுமையில் வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அவை தங்கி, நள்ளிரவில் சர்க்கரையை இறக்கும். எழுந்து கழிவறைக்குப் போகிறவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பரிசோதனை செய்யாமலே விட்டிருக்கலாம் என்று ஆகிவிடும். மெட்ஃபார்மின் தொடங்கும் முன் சிறுநீரக வடிகட்டும் வீதத்தைப் பாருங்கள். 45க்குக் கீழே புதிதாகத் தொடங்க வேண்டாம், 30க்குக் கீழே கொடுக்கவே கூடாது.

அடுத்த முகாம் அறிக்கைக்கு நாங்கள் கேட்பது ஐந்து எண்கள்: ஏற்கெனவே சர்க்கரை இல்லாதவர்களில் எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை பேருக்கு மீட்டர் எண் கூடுதலாக வந்தது, அவர்களில் எத்தனை பேர் ஆய்வகப் பரிசோதனையை முடித்தார்கள், எத்தனை பேருக்கு உறுதியானது, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள். கடைசி எண்ணுக்காக அறிக்கை மூன்று மாதம் தாமதமானால் தாமதமாகட்டும்.

இப்படிக்கு,
சர்க்கரைப் பரிசோதனை மேசைகளிலும் ஆய்வகங்களிலும் வேலை பார்ப்பவர்கள்